தென்னம்பாத்தியில் என் ரத்தம்

இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்று டாக்டர் சொன்ன நாளில் நான் பயந்தேன். ஆனால் என் தம்பி ஜெயவேலுவின் காலில் ஊசி ஏறிய நாளில் பட்ட பயத்துக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களும் அவர்கள் வீட்டுக்காரர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் நடந்தது இன்னொரு வீட்டில் நடக்க வேண்டாம்.

எங்கள் ஊர் ஆந்திராவில், பாலசமுத்திரத்துப் பக்கம். பள்ளிக்கூடத்திலும் மண்டல ஆபீசிலும் தெலுங்கு, வீட்டில் தமிழ். நிலத்தை ஜெயவேலு பார்த்துக்கொள்ள, நான் சித்தூருக்கு வெளியே ஒரு மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் எடை மேடையில் வேலை பார்த்தேன். சீசனில் டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும். தண்ணீர் குடிக்கவும் நேரமிருக்காது, ஒன்றுக்குப் போகவும் நேரமிருக்காது. கால் வீங்கியபோது நின்றுகொண்டே இருப்பதால்தான் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். முகம் வீங்கியபோது தூக்கம் போதவில்லை என்றாள் என் மனைவி சரோஜா. சோற்றைக் கண்டாலே குமட்ட ஆரம்பித்த பிறகுதான் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தோம்.

கிரியாட்டினின் என்று ஒன்று பார்ப்பார்கள். உடம்பு உழைத்துக் கழிக்கிற அழுக்கு அது. நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும். எனக்கு அது ரத்தத்திலேயே தேங்கிக் கிடந்தது. வருஷக்கணக்கில் பிரஷரைக் கவனிக்காமல் விட்டதன் பலன் என்றார் டாக்டர். ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பாமல் சரோஜாவின் பக்கம் திருப்பி வைத்துப் பேசினார். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

இடது கையில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்து இரண்டு ரத்தக் குழாய்களை ஒன்றாகச் சேர்த்தார்கள். அதற்கு ஃபிஸ்டுலா என்று பெயர். அந்த இடத்தில் கை வைத்தால் உள்ளே கிர்ரென்று ஓடுவது தெரியும். அங்கே இரண்டு தடித்த ஊசிகளைக் குத்துவார்கள். ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே வரும், குழாயில் ஓடி ஒரு ஃபில்டருக்குள் போய் அழுக்கை விட்டுவிட்டு மற்றொன்றின் வழியாக உடம்புக்குத் திரும்பும். நாலு மணி நேரம். திங்கள், புதன், வெள்ளி, சித்தூரில். அரசாங்க அட்டை இருந்ததால் டயாலிசிஸுக்குக் காசு கட்டவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

முதல் நாள் என் ரத்தம் என் கண் முன்னால் குழாயில் ஓடுவதைப் பார்த்து மயங்கிவிட்டேன். கால்களைத் தூக்கிப் பிடித்து, கன்னத்தில் தட்டி எழுப்பியவர் டெக்னீஷியன் இம்தியாஸ். சித்தூர்க்காரர், என்னைவிட இருபது வயது சின்னவர், தெலுங்கும் தமிழும் ஒரே மூச்சில் பேசுவார். "குழாயப் பாக்காத சார், டிவியப் பாரு" என்றார். அதன் பிறகு நாலு மணி நேரமும் டிவியையே பார்த்தேன். என்ன ஓடியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வீட்டில் எல்லோரும் மாறிவிட்டார்கள். சரோஜா எனக்கென்று ஒரு சின்ன டம்ளர் ஒதுக்கினாள். ஒரு நாளைக்கு அதில் நாலு டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். நான் பார்க்கும்போது அவளும் தண்ணீர் குடிக்க மாட்டாள். ஜெயவேலு மாட்டுக்குத் தீவனம் வைத்துவிட்டு என்னை வண்டியில் பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விடுவான். ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டு, பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"எனக்கு ரெண்டு கீது. ஒண்ண எடுத்துக்கோ."

நான் ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த மாதமே இரண்டு பேரும் திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவன் ரத்தமும் என் ரத்தமும் பொருந்துகிறதா என்று பார்த்தார்கள். பொருந்தியது. இன்னும் பல பரிசோதனைகள், கமிட்டி, கையெழுத்து எல்லாம் பாக்கி என்றார்கள். எனக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. திரும்பும் வழியில் நாராயணவனத்தில் இறங்கிப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தோம்.

அடுத்த பரிசோதனையில் எனக்கு ஹெபடைட்டிஸ் சி என்று வந்தது. ஈரலைத் தாக்கும் ஒரு கிருமி. சாப்பாட்டில் பரவாது, தொட்டால் பரவாது, ரத்தத்தின் வழியாகத்தான் பரவும். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு வரக்கூடியது என்றார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சொல்வது கஷ்டம் என்றார்கள். மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகும், அது வரைக்கும் மாற்று சிறுநீரகப் பேச்சு வேண்டாம் என்றும் சொன்னார்கள். என்னைக் கடைசி அறையில் இருந்த தனி மெஷினுக்கு மாற்றினார்கள். அந்த அறையில் டிவி கிடையாது.

இங்கேதான் விஷயம் ஆரம்பிக்கிறது. அதுவரை என் ஃபில்டரை என் பெயர் எழுதிக் கழுவி வைத்து எனக்கே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். கிருமி வந்த பிறகு ஒரு முறைதான். ஒவ்வொரு தடவையும் புது ஃபில்டர், புதுக் குழாய், முடிந்ததும் குப்பை. குழாயின் உள்பக்கத்தில் சிவப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும் என் ரத்தத்தோடு அது மூலையில் இருந்த தொட்டிக்குள் போவதை, துணைக்கு வந்திருந்த சரோஜா முதல் முறையாகப் பார்த்தாள்.

அந்தக் குப்பை எங்கே போகிறது என்று கூட்டித் துடைக்க வரும் ரமணம்மாவிடம் கேட்டிருக்கிறாள். ரமணம்மா தெலுங்குக்காரி, மனசு நல்ல மனசு. வேன் வரும், எடுத்துக்கொண்டு போய் எரித்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். அன்று பஸ்ஸை விட்டு ஊரில் இறங்கியதும் சரோஜா என்னிடம் கேட்டாள்.

"உசுரோட கீற மனுசன் ரத்தத்த நெருப்புல போடுவாங்களா? நெருப்பு செத்தவங்களுக்குத்தான?"

எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்தால் நஞ்சுக்கொடியைப் புதைப்பார்கள், எரிக்க மாட்டார்கள். வெட்டிய நகத்தைக்கூட அடுப்பில் போட்டால் பெரியவர்கள் திட்டுவார்கள். உயிரோடிருக்கும் உடம்பிலிருந்து வந்தது மண்ணுக்குப் போகலாம், நெருப்புக்குப் போகக்கூடாது. வாரத்துக்கு மூன்று முறை புருஷனுக்குக் கொள்ளி வைக்கிறார்கள் என்றுதான் அவளுக்குப் பட்டிருக்கிறது.

அடுத்த முறையிலிருந்து அவள் கொண்டுவரும் ஒயர் கூடை திரும்பும்போது கனமாக இருந்தது. தொட்டியிலிருந்து அவளே எடுத்தாளா, ரமணம்மா எடுத்துக் கொடுத்தாளா என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு நாள் டிபன் பாக்ஸுக்கு அடியில் சிவப்புக் குழாய் தெரிந்ததை நான் பார்த்தேன். சரோஜாவும் நான் பார்த்ததைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அது எரியாமல் எங்கள் நிலத்துக்கு வருகிறது என்பதில் எனக்கும் ஒரு நிம்மதி இருந்தது. தப்பு அவளுடையது மட்டும் இல்லை.

கிணற்றுப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு வரிசைத் தென்னை உண்டு. மரத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்க வட்டமாகக் கட்டிய பாத்தியில் மண் இளகியிருக்கும், தோண்டச் சுலபம். யாருக்கும் தெரியாமல் அவசரமாகத் தோண்டியதால் ஒரு சாண் ஆழம்கூட இல்லை. பொட்டலத்தை வைத்து, ஒரு சிட்டிகை மஞ்சள் தூவி, மண்ணை மூடிவிட்டு வருவாள்.

தென்னைக்கு எரு வைக்க வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை காலையில் ஜெயவேலு பாத்தியைக் கொத்தப் போனான். வெறுங்கால். வயலில் எவன் செருப்பு போட்டுக்கொண்டு நிற்பான்? சற்று நேரத்தில் நொண்டிக்கொண்டே வாசலுக்கு வந்தான். கையில் ஒரு ஊசி, அதன் பின்னால் ஒரு முழம் குழாய். மாட்டு டாக்டர் போட்டுவிட்டுப் போனது என்று நினைத்திருக்கிறான். காயத்தைப் பிதுக்கிச் சுண்ணாம்பும் மஞ்சளும் வைத்துக் கட்டியிருந்தான்.

சரோஜா முறத்தைக் கீழே போட்டாள். அரிசி வாசலெல்லாம் சிதறியது. அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். எனக்கு முதலில் வந்த நினைப்பு, ஐயோ என் தம்பி என்பதல்ல. இனி அவன் சிறுநீரகம் எனக்கு ஆகாதே என்பதுதான். அது ஒரு நொடிதான் இருந்தது. ஆனால் இருந்தது.

அது என் ஊசி, சரோஜா புதைத்தது, அதில் அந்தக் கிருமி இருக்கலாம் என்று நானே அவனிடம் சொன்னேன். அவன் காலைப் பார்த்தான், ஊசியைப் பார்த்தான், பிறகு சரோஜாவைப் பார்த்தான். "சொல்லியிருந்தா நானே ஆழமா தோண்டியிருப்பேனே அண்ணி" என்றான். திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

இம்தியாஸுக்கு போன் செய்தேன். சுண்ணாம்பைக் கழுவு, சோப்புப் போட்டுக் குழாயடியில் காலை நீட்டு, பிதுக்காதே, உடனே புறப்பட்டு வா என்றார். சித்தூரில் டாக்டர் ஜெயவேலுவுக்கு மஞ்சள் காமாலை பி கிருமி, சி கிருமி, எச்ஐவி மூன்றுக்கும் ரத்தம் எடுத்தார். அது முதல் கணக்கு, ஊசி ஏறுவதற்கு முன் உடம்பில் ஒன்றும் இல்லை என்பதற்கு அத்தாட்சி. எனக்குப் பி கிருமியும் எச்ஐவியும் இல்லாததால் அந்தப் பயம் குறைவு என்றார். சி கிருமிக்குத் தடுப்பூசி கிடையாது. ஆறு வாரம் கழித்து ஒரு பரிசோதனை, ஆறு மாதம் கழித்துக் கடைசிப் பரிசோதனை. மண்ணில் கிடந்த ஊசி, ஆபத்து குறைச்சல்தான், ஆனால் இல்லவே இல்லை என்று நான் சொல்ல முடியாது என்றார். அந்தக் கடைசிப் பாதி மட்டும்தான் என் காதில் நின்றது.

தொட்டியிலிருந்து யார் எடுத்துக் கொடுத்தது என்று யூனிட் மேனேஜர் சரோஜாவிடம் கேட்டார். நானேதான் எடுத்தேன், யாரும் பார்க்கவில்லை என்றாள். கதவுக்குப் பக்கத்தில் துடைப்பத்தோடு நின்றிருந்த ரமணம்மா தலையைத் தூக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இம்தியாஸ் எங்கள் ஊருக்கே வந்துவிட்டார். தடித்த கையுறைகள், நீளமான இடுக்கி, சிவப்பு உறைகள், ஊசி குத்தினாலும் கிழியாத ஒரு வெள்ளை டப்பா எல்லாம் கொண்டுவந்தார். மண்ணைப் பட்டை பட்டையாகக் கிளறினோம். பதினோரு தடவை புதைத்ததாகச் சரோஜா சொன்னாள். பதினோரு ஃபில்டரும் பதினோரு ஜோடிக் குழாயும் கிடைத்தன. ஊசிகளுக்குத்தான் கணக்கில்லை. ஊசி உருவியதும் வெள்ளை டப்பாவில் போட வேண்டியது இம்தியாஸின் வேலை. மற்ற நோயாளிகள் கூப்பிட்டால், அப்புறம் வந்து கழற்றலாம் என்று குழாயோடு விட்டுவிட்டு ஓடிய நாட்கள் உண்டாம். எத்தனை நாள் என்று அவருக்கே ஞாபகமில்லை. ஜெயவேலு காலில் ஏறியதோடு சேர்த்து ஏழு ஊசி கிடைத்தது. எட்டாவது இருக்கிறதா என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

உறைகளைக் கட்டும்போது சரோஜா கையைப் பிசைந்துகொண்டு, இப்போது இதையெல்லாம் எரிக்கத்தானே போகிறீர்கள் என்று கேட்டாள்.

"யார் சொன்னது அக்கா? பஞ்சு, கட்டுத்துணி, அது மஞ்ச கவருல போவும், அத்தத்தான் எரிப்பாங்க. குழாய், ஃபில்டர் எல்லாம் செவப்பு கவரு. சூடான ஆவியில வேக வெச்சி, தூள் தூளா நறுக்கிடுவாங்க. இத்த எப்பவுமே எரிச்சதில்ல."

சரோஜா பாத்தி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு வார்த்தை சரியாகக் கேட்டிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. படிக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். யூனிட்டிலிருந்து ஒரு பஞ்சைக்கூட வெளியே கொண்டுவராதீர்கள். உங்கள் ஊசி வெள்ளை டப்பாவுக்குள் விழுகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். விழவில்லை என்றால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அந்தக் குப்பை என்ன ஆகிறது என்று தெரிந்தவரைக் கேளுங்கள்.

அந்த ஆறு வாரமும் எப்படிப் போயின என்று எழுத எனக்குத் திராணி இல்லை. ஜெயவேலுவுக்கு ஒரு நாள் சோறு இறங்கவில்லை என்றால் எனக்கு ஈரல் என்று தோன்றும். வெயிலில் நின்றால் அவன் கண் மஞ்சளாகத் தெரியும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஏதாவது சாக்கு வைத்து அவன் முகத்தைப் பார்ப்பேன். அவன் தனித் தட்டில் சாப்பிட ஆரம்பித்தான். அது சாப்பாட்டில் பரவாது என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்கவில்லை. தென்னைப் பக்கம் பிள்ளைகள் யாரும் போகக்கூடாது என்று அவன் மனைவி அமுலு கட்டளை போட்டுவிட்டாள். விழுந்த காயை எடுக்கக்கூட ஆள் போகவில்லை.

ஐந்தாவது வாரத்தில் அமுலு என்னிடம் வந்தாள். அதுவரை அவள் என்னிடமும் சரோஜாவிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை, எங்களுக்குக் குழம்பு கொடுத்தனுப்புவதை மட்டும் நிறுத்தவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, ரிசல்ட்டு கெட்டதா வந்தா நான் அவர பாத்துக்குவேன். நல்லதா வந்தா அவர கத்திக்கு அனுப்ப மாட்டேன். இனிமே அவரு ஒடம்புல யாரும் கை வெக்கக்கூடாது. உங்ககிட்ட சொல்லிட்டேன், அவர்கிட்டயும் சொல்லிட்டேன்."

சரிம்மா என்றேன். கெட்ட ரிசல்ட் வந்தால் தம்பி போச்சு, நல்ல ரிசல்ட் வந்தால் என் உயிர் போச்சு. எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியாமல் போய்விட்டது. கடைசியில் நல்லதையே வேண்டிக்கொண்டேன். அதில் எனக்கு இன்றைக்கும் சின்ன ஆறுதல் உண்டு.

ஆறு வாரப் பரிசோதனையைத் திருப்பதியில் எடுத்தார்கள். முடிவு வாங்க அண்ணன் தம்பி இரண்டு பேரும் போனோம். பஸ்ஸில் முழு வழியும் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். நல்லபடியாக வந்தால், ஜெயவேலு, எனக்கு வேண்டாம்டா, உன் பொண்டாட்டி சொன்னது நியாயம், எனக்கு டயாலிசிஸே போதும் என்று சொல்லிவிட வேண்டும். புத்தூர் தாண்டும்போது எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

கிருமி இல்லை என்று வந்தது. ஆறு மாதப் பரிசோதனையும் இப்படியே வந்தால் கவலையே இல்லை என்றார் டாக்டர். ஜெயவேலு பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். வெளியே நடைபாதையில் ஸ்ட்ரெச்சர்கள் போய்க்கொண்டிருந்தன. ஓரமாக என்னை நிறுத்தினான்.

"அமுலு சொன்னத உட்டுடு. நான் தர்றேன்னதையும் உட்டுடு. இத்தினி நாளா நீ வாயத் தொறக்கல. உனக்கு வேணுமா, வேணாமா? அத்த சொல்லு."

மனப்பாடம் செய்தது எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. வாயைத் திறந்தேன்.

"வேணும்டா" என்றேன்.

அவ்வளவு பேர் போய் வருகிற இடத்தில் வாய்விட்டு அழுதேன். எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். சரோஜாவிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை. ஜெயவேலு என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அமுலுவிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னான். வேண்டாம், நான்தான் கேட்க வேண்டும் என்றேன். அது ஒன்றாவது எனக்குச் சரியாகத் தோன்றியது.

மறுநாள் டயாலிசிஸ். அதற்கு அடுத்த நாள் அமுலுவின் வீட்டுக்குப் போனேன். வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே பேசினேன். நீ சொன்னது தப்பில்லை, உன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்வேன், ஆனாலும் எனக்கு வேண்டும் அம்மா, அவனிடம் கேட்டுவிட்டேன், இப்போது உன்னிடம் கேட்கிறேன், நீ இல்லை என்றால் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்றேன். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. தொலி ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம் விழுந்துகொண்டே இருந்தது. நான் திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்த நேரத்தில் பேசினாள்.

"ஆறு மாச டெஸ்ட்டு முடியட்டும். அப்பால நான் சொல்றேன்."

நான் தலையாட்டினேன். அப்போதுதான் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுவரைக்கும் நீங்கோ உசுரோட இருங்கோ மாமா."

அவள் அப்படிச் சொல்லி ஒரு மாதம் ஆகிறது, கடைசிப் பரிசோதனைக்கு இன்னும் மூன்றரை மாதம் இருக்கிறது. திங்கள், புதன், வெள்ளி போய் வந்துகொண்டிருக்கிறேன்.